பதினேழாம் வளைவு

அடிவாரத்தில் நைனாமலையின் கிணற்றில்
பன்னிரண்டாயிரம் லிட்டர் ஏற்றினேன்.
மோட்டார் நடுநடுவே காற்றை உறிஞ்சி இருமியது.
"நாளைக்கு வராதே, சேறுதான் மிச்சம்" என்றார்.
நேற்றும் அதைத்தான் சொன்னார்.

ஐப்பசி ஏமாற்றியது, கார்த்திகை ஏமாற்றியது,
இதோ சித்திரையே வந்துவிட்டது.
மறைப்பானேன், என் லாரிக்கு மட்டும் நல்ல வருஷம்.
வானம் பார்க்கிற கூட்டத்தில் நானும் நின்று பார்ப்பேன்.
மேகம் கூடினால் அவர்களுக்கு ஒரு நினைப்பு,
எனக்கு வண்டித் தவணை.

முதல் வளைவிலேயே குரங்குகள்
டேங்கின் கசிவை நக்க வண்டியோடு ஓடி வந்தன.
நான்கில் காட்டுத்தீயின் கரி.
ஒன்பதில், நடுச்சாலையில், ஒரு காட்டெருமை.
ஹாரனுக்கு நகரவில்லை.
கிளீனர் சேர்வராயன் மலைக்காரப் பையன்,
அதன் விலா எலும்பை எண்ணிக்கொண்டிருந்தான்.
"பதினொண்ணு" என்றான்.

பன்னிரண்டில் கையை வெளியே நீட்டி,
"அண்ணே, காத்து மாறுது."
"பேசாம வாடா."

பதினான்கில்
கண்ணாடியில் ஒரு துளி
தூசிக்குள் பள்ளம் பறித்து விழுந்தது.
வைப்பரைப் போட்டேன்.
மாதக்கணக்காய் அசையாத ரப்பர்
கிழிந்து தொங்கியபடி இடமும் வலமும் ஆடியது.

முதலில் சருகுமேல் கேட்டது.
பிறகு பாறைமேல்.
பிறகு எங்கள் தலைக்குப் பின்னால் டேங்கின்மேல்.
உள்ளே விலைத் தண்ணீர்
வெளியே விலையில்லாத் தண்ணீர்
நடுவில் தகரம் கிடந்து தவிலாய் அடிபட்டது.

எஸ்டேட் கேட்டில் ரைட்டர் பிலவேந்திரன்
குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
நனைந்தபடி நின்றார்.
லோடு வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார்,
வாய் நிறைய மழை.
ஏழு மாதத்தில் அன்றுதான் அவர் பல்லைப் பார்த்தேன்.
பணம் கேட்க வேண்டிய நேரத்தில்
நானும் சிரித்துத் தொலைத்தேன்.

நிறைந்த டேங்கோடு இந்த மலையில் இறங்கக் கூடாது.
பதினேழாம் வளைவில் ஓரங்கட்டி
சேர்வராயன் வால்வைத் திறந்தான்.
இரண்டாயிரத்து இருநூறு ரூபாய்
ஓடையில் விழுந்து, மழையோடு கலந்து,
வந்த வழியே நைனாமலையை நோக்கி ஓடியது.
எது என்னுடையது என்று கொஞ்ச நேரம் பார்த்தேன்.
வால்வுக்கு அடியில் தலையைக் கொடுத்துக்
குளித்துக்கொண்டிருந்தான் பையன்.
"ஏண்டா, மேலேதான் கொட்டுதே?"
"இது காசு போட்ட தண்ணிண்ணே."

கீழே சேலத்தைக் காணோம்.
மாக்னசைட் சுரங்கத்தின் வெள்ளை மேடுகள்,
அஸ்தம்பட்டி பைனான்ஸ் கடை, என் வீட்டு மாடி,
எல்லாம் ஒரே திரைக்குப் பின்னால்.

ஒன்பதாம் நாள்
பழைய பாக்கி கேட்கப் பைக்கில் ஏறினேன்.
இருபதாம் வளைவு தாண்டும் முன்பே வாசனை
ஹெல்மெட்டுக்குள் வந்துவிட்டது.
சில்வர் ஓக் நிழலில்
காபிச் செடியெல்லாம் கணுவுக்குக் கணு வெள்ளை.
ஏழு மாதம் நான் ஏற்றிய தண்ணீர்
லயத்துக் குடங்களுக்கும் நாற்றுப் பைகளுக்கும் போனது.
சாகாமல் வைத்தது.
அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

"மூணு நாள்தான் இந்தப் பூ, அப்புறம் பழுப்பு" என்றார் ரைட்டர்.
பாக்கி அடுத்த வாரமாம்.

பெட்ரோல் மிச்சமென்று எஞ்சினை அணைத்து இறங்கினேன்.
ஒன்பதில் காட்டெருமை இல்லை.
ஓரச் சேற்றில் ஆழமாய் ஒரு குளம்படி,
அதில் தண்ணீர், தண்ணீரில் ஒரு பூச்சி
கால் நனையாமல் நடந்துகொண்டிருந்தது.

அடிவாரத்தில் நைனாமலை
கிணற்றை எட்டிப் பார்த்தபடி நின்றார்.
தூரத்திலிருந்தே ஏழு விரலைக் காட்டினார்,
ஏழடி ஏறியிருக்கிறது.
நான் ஐந்து விரலைக் காட்டினேன்,
ஐந்தாம் தேதி தவணை.
இன்னும் ஐந்தடி ஏறட்டும் என்கிறேன் என்று நினைத்து
மலையைப் பார்த்துக் கும்பிட்டார்.